வளர்ந்தால் சரியாகிவிடும்

படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளையை அடிக்காதீர்கள் என்று இருபது வருடமாக ஊருக்குச் சொல்லிவருகிறேன். நான் அங்கன்வாடி டீச்சர். அன்னவாசல் பக்கத்தில், தைலமரக் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் என் மையம். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே சில தாய்மார் தலையில் ஒரு குட்டு வைத்துத்தான் உள்ளே தள்ளுவார்கள். இன்றைக்கும் பாயை நனைத்துவிட்டான் என்பார்கள். நான் அவர்களை உட்காரவைத்துச் சொல்வேன்: சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது என்று மூளைக்குச் சேதி போக வேண்டும், தூக்கத்திலும் மூளை அதைக் கேட்டுப் பிள்ளையை எழுப்ப வேண்டும், அந்த நரம்பு வழி சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் பக்குவப்படும், அடித்தால் பயம்தான் வரும், வளர்ந்தால் சரியாகிவிடும். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களுக்குச் சரியாகியும் விட்டது. அவர்களில் ஒருவன் போன வருடம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தச் சரியான வார்த்தையை வைத்துத்தான் என் மகளைக் கெடுத்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம். ஆறுதல் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

நானும் அப்படி ஒரு பிள்ளைதான். பதினொரு வயதுவரை பாயை நனைத்தேன். என் அம்மா அந்தப் பாயைக் கொல்லையில் காயப்போடமாட்டாள். தெருவைப் பார்த்த வேலியில்தான் விரித்துப்போடுவாள். ஊர் பார்க்கட்டும், வெட்கம் வந்தால் நிறுத்திவிடுவாள் என்பது அவளுடைய வைத்தியம். அதோடு தினமும் ஒரு எள்ளுருண்டை, பொழுது சாய்ந்தபின் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வேலியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு ஒருநாள் அது தானாகவே நின்றது. எள்ளுருண்டையால்தான் என்று என் அம்மா கடைசிவரை சாதித்தாள். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இதற்காக அதன் மேல் சுண்டுவிரல்கூடப் படாது என்று நான் அப்போதே முடிவுசெய்திருந்தேன்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள் என் மகள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா, என் நாத்தனார். பிறந்த மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவர்தான் முதலில் பார்த்தார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஒரு கொத்து முடி. சுற்றிலும் தோல் வழுவழுவென்று இருக்க, அங்கே மட்டும் கருகருவென்று மெல்லிய முடி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. நாத்தனார் குழந்தையைத் துண்டில் கிடத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் வகையறாவில் வெகுகாலத்துக்கு முன் ஒரு பெண்பிள்ளைக்கு இப்படி இருந்ததாம். குலதெய்வமான அம்மன் கைவைத்த இடமாம். அந்த முடியை வெட்டக்கூடாது, அயலார் கண்ணில் காட்டக்கூடாது, பிள்ளை பெரியமனுஷியாகிறவரை மூடியே வைத்திருக்க வேண்டும். கறுப்பு அரைஞாண் கயிற்றில் செப்புத் தாயத்து ஒன்றைக் கோத்து, சரியாக அந்த முடியின் மேல் கிடக்கும்படி பின்பக்கம் கட்டினார்கள். ஒவ்வோர் ஆடியிலும் கோயிலில் வைத்துக் கயிறு மாற்றுவோம்.

நான் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முடிதானே, இருந்துவிட்டுப் போகட்டும், இதற்காக நாத்தனாரோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். நம்பியிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. நம்பாமலே பத்து வருடம் கட்டிவிட்டேன். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தாயத்தை ஒதுக்கிவிட்டு அந்த முடியையும் என் கையாலேயே கோதிவிடுவேன். என் மையத்துக்குப் பிள்ளைகளைச் சோதிக்க டாக்டரம்மா வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையையும் நானே கழற்றி அவர்கள் முன்னால் நிறுத்துவேன். என் மகளின் முறை வந்தபோது, "இவளுக்கு ஒண்ணுமில்லங்க மேடம், எம் புள்ளதான்" என்று அட்டையில் நானே எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். சொந்தப் பிள்ளை என்றால் டீச்சர் கவனித்திருப்பார் என்று அவர்களும் கேட்கவில்லை.

மகள் மூன்று வயதில் நனைத்தாள், ஐந்தில் நனைத்தாள், ஏழிலும் நனைத்தாள். ஒரு நாள்கூட உலர்ந்து எழுந்ததில்லை. நானும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் என் பழைய சேலையை நாலாக மடித்துப் போடுவேன். காலையில் அவளை எழுப்பிக் குளிக்க அனுப்பிவிட்டு, சேலையை அலசிக் கொல்லைக் கொடியில் போட்டு, அதன் மேல் இன்னொரு சேலையை விரித்து மறைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு நாத்தனாருக்கே தெரியாது. "அம்மாவும் ஒன்ன மாதிரிதான் இருந்தேன், வளந்தா சரியாப் போயிரும்" என்று சொல்லிச் சொல்லி அது அவளுக்குப் பாடமாகிவிட்டது. எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் அம்மா செய்யத் தெரியாததை நான் செய்கிறேன் என்கிற கர்வம். நல்ல தாய் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வகுப்பில் பகலிலும் நனைய ஆரம்பித்தது. மொத்தமாக அல்ல, சொட்டுச் சொட்டாக. எந்நேரமும் உள்ளாடை ஈரமாகவே இருக்கும். பள்ளிக்கூட பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் அடக்கிவைக்கிறாள், கசிகிறது என்று காரணம் கண்டுபிடித்தேன். வெளிக்குப் போக நாலு நாள், ஐந்து நாள் ஆனது. காய்கறியைத் தொடுவதில்லை, பின்னே எப்படிப் போகும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஊருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா.

இரவில் நனைப்பது வேறு, பகலில் ஓயாமல் கசிவது வேறு, அப்படிக் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மற்ற தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்ததும் அது எனக்கு மறந்துபோனது. மறந்துபோனது என்பதும் பொய். டாக்டர் என்றால் உடுப்பைக் கழற்றச் சொல்வார், தாயத்தைப் பார்ப்பார், முடியைப் பார்ப்பார். ஒரு டீச்சர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். இவ்வளவுதான் விஷயம்.

பிறகு செருப்பு. வலது கால் செருப்பு மட்டும் நடக்க நடக்கக் கழன்று விழும். மினி பஸ்ஸில் ஏறும்போது விழும், சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது விழும். ஒற்றைச் செருப்போடு வீட்டு வாசலில் வந்து நிற்பாள். எங்கே விழுந்தது என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். காலிலிருந்து செருப்பு விழுவதுகூடவா ஒருத்திக்குத் தெரியாது என்று எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். மூன்றாவது ஜோடி தொலைந்த அன்று அடித்தேன். படுக்கைக்காக ஒருநாளும் கைநீட்டாதவள் செருப்புக்காக அடித்தேன், விளக்குமாற்றுக் கட்டையால், அந்த வலது காலிலேயே. அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திமிர் என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் ஷூ கட்டாயம் என்றார்கள். புதுக்கோட்டையில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் கீழே உட்கார்ந்து இரண்டு காலையும் அளவுப் பலகையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"அம்மா, புள்ளைக்கு ரெண்டு காலும் ஒரே அளவா இல்லைங்க. வலது கால் ரெண்டு சைஸ் சின்னதா இருக்கு. யாருகிட்டயாச்சும் காட்டுனீங்களா?"

நீங்கள் ஷூவை மட்டும் கொடுங்கள் என்றேன். கடையில் நாலு பேர் பார்த்தார்கள். பெரிய கால் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி, வலது ஷூவின் முனையில் பஞ்சை அடைத்துப் போட்டுவிட்டேன். அந்த மனிதர் சொன்னதைக் கேட்டு அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருடைய வாய்த்துடுக்கைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டு வந்தேன்.

தை மாதம் என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். பொன்னமராவதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மூன்று பேரும் பைக்கில் போனோம். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வந்தாள். பாதி வழியில் ஏதோ கருகுகிற வாடை. டயர் என்று நினைத்து அவர் ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் மகளின் வலது பாதம் சைலன்ஸரில் ஒட்டியிருந்தது. வழக்கம்போலச் செருப்பு எங்கேயோ விழுந்திருந்தது. அவர் காலைப் பிடித்து எடுத்தபோது உள்ளங்கை அளவுத் தோல் சைலன்ஸரிலேயே தங்கிவிட்டது. நான் போட்ட கூச்சலில் தைலமரக் காட்டுக்குள் ஆடு மேய்த்தவர்கள் ஓடிவந்தார்கள். மகள் கையில் முறுக்கோடு, எதற்கு அம்மா கத்துகிறாள் என்பதுபோல எங்களைப் பார்த்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. விளக்குமாற்றுக் கட்டையால் அடித்த அன்று அவள் ஏன் அழவில்லை என்று அந்த ரோட்டில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப்போட்டார். அதோடு விடவில்லை. ஊசி முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். இரண்டு கெண்டைக்காலையும் கையால் பிடித்து அளந்தார். பிறகு திரும்பிப் படுக்கச் சொல்லி, கவுனைத் தூக்கி, தாயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். திருச்சிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து, நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கிளம்புங்கள் என்றார். நான் பயந்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

திருச்சியில் ஸ்கேன் எடுக்கும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் கத்திரியால் அரைஞாண் கயிற்றை வெட்டித் தாயத்தை என் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். முதுகுத்தண்டுக்குள் தொங்குகிற நரம்பு கீழே கட்டில்லாமல் இருக்க வேண்டும். பிள்ளை உயரமாகும்போது எலும்பு நீளும், நரம்பு மேலே தளர்வாக நின்றுகொள்ளும். என் மகளுக்குக் கருவிலேயே அந்த நரம்பின் நுனி கீழே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் உயரம் கூடக்கூட நரம்பு இழுபடுகிறது. இழுபட்டு இழுபட்டுத்தான் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன. மேலே தோலில் இருக்கிற முடிதான் அதற்கு அடையாளம். பிறந்த அன்றே பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நான் எந்த வளர்ச்சிக்காகக் காத்திருந்தேனோ, அந்த வளர்ச்சிதான் அவளைக் கெடுத்திருக்கிறது. மையத்தில் மற்ற பிள்ளைகளோடு நிறுத்தி அவளையும் மாதாமாதம் அளப்பேன். ஒரு சென்டிமீட்டர் கூடினால் வீட்டில் பாயசம் வைப்பேன். என் அம்மாவின் எள்ளுருண்டையையும் வேலிப்பாயையும் கேலிசெய்தவள் நான். என் அம்மாவின் மடமையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அறிவால் என் மகளுக்குக் கால் போனது.

அப்போது டாக்டர் கேட்டார், பகலில் கசிவது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று. இரவில் நனைப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பகலில் எப்போது தொடங்கியதோ அதை வைத்துத்தான் நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கணக்கிட முடியும், சமீபத்தில் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பிவர நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை எதுவுமே தெரியாது. நான் போனில் சொன்னதில்லை, லீவில் வந்திருந்த நாட்களிலும் மறைத்துவிட்டேன். மகளும் நாற்காலியில் இருந்தாள்.

"ஒரு ஆறு மாசமாத்தாங்க சார்" என்றேன்.

அப்படியானால் சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டர் வரைந்த படத்தைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கும் மேல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னால் நரம்பு ஏமாறாது என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் சாப்பாடு கொண்டுவந்தார். அவர்கள் வகையறாவில் முன்னால் இப்படிப் பிறந்த பெண் என்ன ஆனாள் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். காலை இழுத்து இழுத்து நடப்பாளாம். கிட்டத்தில் போனால் மூத்திர வாடை அடிக்குமாம். கல்யாணம் இல்லாமலே இருந்து செத்துப்போனாளாம். "அம்மனுக்கு நேந்த புள்ளல்ல, அப்பிடித்தான இருக்கும்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. பத்து வருடத்தில் ஒருநாள் இதைக் கேட்டிருந்தால் போதும். என் வீட்டுக்காரர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் போனபின், "நீதான டீச்சரு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசித் தீர்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒட்டியிருந்த நரம்பை விடுவித்துவிட்டார்கள், இனி கால் மேற்கொண்டு கெடாது, கெட்டது கெட்டதுதான் என்றார்கள். அதை நான் ஏற்றுக்கொண்டேன். வலது காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது சிறுநீர்தான். ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் உலர்ந்துவிடும் என்று மகளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். எந்தக் கணக்கை வைத்து டாக்டர் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் பிள்ளை அல்லவா, நம்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் பேடு வைக்காமல் போகிறேன் என்று அடம்பிடித்துப் போனாள். காலைப் பிரேயரில் வரிசையில் நிற்கும்போது நனைந்து, பின்னால் நின்ற பிள்ளை விலகி நிற்க, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தார். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனாள், எவ்வளவு போனாள், இடையில் நனைந்தாளா உலர்ந்திருந்தாளா என்று தினமும் எழுத வேண்டும். நான் எழுதினேன். முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பக்கம் பக்கமாக நனைந்தாள், நனைந்தாள் என்று எழுதுவதற்குக் கை கூசியது. அடுத்த மாதம் ஈரம் கொஞ்சமாக இருந்த நாளை உலர்ந்த நாள் என்று எழுதினேன். அதற்கடுத்த மாதம் உலர்ந்த நாட்கள் தாமாகவே பெருகின. எனக்கு இது புதிதில்லை. எடை போடும் நாளில் வராத பிள்ளைக்கு, போன மாத எடையோடு ஒரு இருநூறு கிராம் கூட்டி எழுதிப் பதிவேட்டை மூடிப் பழகிய கை இது. இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எழுதுவோம், பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் என்று சொன்ன பொய்க்கு ஏற்றபடி என் மகள் குணமாக வேண்டியிருந்தது. அதனால் நோட்டில் அவளைக் குணமாக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் எடுக்கச் சொன்ன வயிற்று ஸ்கேனையும், நோட்டுத்தான் நன்றாக இருக்கிறதே என்று எடுக்காமல் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி நான் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் திருச்சிக்குப் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இந்த அளவு முன்னேற்றம் என்றால் இனி ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார். நான் எழுந்து பையை எடுத்தேன். மகள் எழவில்லை.

"டாக்டர், அது அம்மா எழுதுனது" என்றாள். "நான் ஒரு நாளும் காஞ்சு எந்திரிச்சதில்ல. பகல்ல ஒழுகுறதும் ஆறு மாசம் இல்ல, மூணாங்கிளாஸ்லேர்ந்து. அம்மாவுக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டர் நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு அதன்பிறகு அவளிடம் மட்டுமே பேசினார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல், தேங்கியது மேலே ஏறி, வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் ஆபரேஷன் முடிந்த கையோடு குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்கப் பழக்கியிருப்போம், இந்த வீக்கம் வந்திருக்காது என்றார். அந்த நரம்பு இனி திரும்பிவராது. ஆயுசுக்கும் குழாய்தான். சிறுநீரகத்தை இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். அவர் என்னைத் திட்டவில்லை.

குழாய் போடச் சொல்லித்தர ஒரு நர்ஸ் வந்தார். கையை எப்படிக் கழுவுவது, குழாயை எவ்வளவு உள்ளே விடுவது, வெளியேறுவதை அளவு குவளையில் பிடித்து எப்படி மில்லியில் குறித்துவைப்பது என்று சொன்னார். சின்னப் பிள்ளை, அம்மாவும் கற்றுக்கொள்ளட்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார். மகள் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கி, "நீ வெளிய இரும்மா" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

இப்போதும் நான் அதே மையத்தில்தான் இருக்கிறேன். படுக்கையை நனைக்கிறான் என்று யார் வந்து சொன்னாலும் அடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கூடவே பிள்ளையைத் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிறேன். டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு பிள்ளையின் முதுகிலும் ஒன்றும் இல்லை. எங்கேயாவது ஒன்று இருந்துவிடாதா, அதை நான் கண்டுபிடித்துவிடமாட்டேனா என்று மனது அலைவதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மகளுக்குப் பதின்மூன்று நடக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை குழாய் போட வேண்டும். எல்லாவற்றையும் அவளே செய்துகொள்கிறாள். குழாய்களைக் கழுவுவது, காயவைப்பது, டப்பாவில் போட்டு ஸ்கூல் பையில் வைப்பது, எதிலும் என் கை படக்கூடாது. அளவு எழுதுகிற நோட்டும் அவளுடையதுதான். அது அவள் பைக்குள் இருக்கிறது. திருச்சிக்குப் போனால் நேராக டாக்டர் கையில் கொடுக்கிறாள். அவர் படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

வீட்டில் அவள் குளியலறைக்குள் போனதும் நான் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். நிற்காமல் இருக்க முடியவில்லை. எவ்வளவு வந்தது என்று கேட்பேன். முந்நூறு என்பாள். காலையில் கேட்டாலும் முந்நூறு, சாயங்காலம் கேட்டாலும் முந்நூறு, தண்ணீரே குடிக்காமல் சுருண்டு கிடந்த காய்ச்சல் நாளிலும் முந்நூறு. மனித உடம்பில் அப்படி ஒரே அளவு வராது. நிஜக் கணக்கு டாக்டருக்குப் போகிறது, எனக்குத் தருவது இது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் சரி என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்கிறேன்.